எலும்பில் எப்படி வந்தது தசை?

போன வருடம் சித்திரை மாதம். கத்திரி வெயில் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் செங்கல்பட்டில் அதற்குள் தார் உருகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், எலும்பு டாக்டரின் அறையில்தான் இது ஆரம்பித்தது.

என் தம்பி நாற்காலியில் இடது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பொண்டாட்டி பின்னால் சுவரோடு ஒட்டி நின்றாள். டாக்டர் என்னையும் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நல்ல செய்தி வைத்திருப்பவர்கள் முதலில் செய்தியைச் சொல்வார்கள், உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தம்பியின் இடது தொடை எலும்பில், முட்டிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கட்டி. அது எலும்பை உடைத்துக்கொண்டு வெளியே சதைக்குள்ளும் வந்துவிட்டது. தடித்த ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் கேன்சர் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதுவும் தசையிலிருந்து கிளம்புகிற ஒரு வகை. முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன். கட்டி பெரிய ரத்தக் குழாயை ஒட்டிக் கிடப்பதால் காலைக் காப்பாற்ற முடியும் என்று அவரால் உறுதி சொல்ல முடியாது.

"எந்தக் காலு சார்?" என்று கேட்டான் தம்பி. இடது தொடையைக் கையால் பிடித்துக்கொண்டேதான் கேட்டான்.

அவன் செய்யூர் பக்கம் சவுக்கு லோடு ஏற்றுகிறவன். தோப்பில் வெட்டிப் போட்ட கட்டைகளைத் தோளில் தூக்கி லாரியில் அடுக்கும் வேலை. ஒற்றைக் காலோடு அந்தத் தோப்பு வாசலில்கூட அவனை நிற்க விட மாட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகள். வேறு தொழில் தெரியாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெம்மேலியில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மெஸ்ஸில் சமைக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் அடக்கத் தெரியாது. டாக்டர் பேசி முடித்தபோதும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்தான்.

"சார், நான் ஆட்டுக்கால் வெட்டாத வாரம் கெடையாது. எலும்புக்குள்ள மஜ்ஜதான் கீது, சதை இல்ல. கட்டி எலும்புல பொறந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் அது எப்படி சார் சதை கேன்சர் ஆவும்?"

தம்பி பொண்டாட்டி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணி, டாக்டராண்ட இன்னா பேச்சு இது?"

"நீ சும்மா இருடி. போவப்போறது இவன் காலு."

டாக்டர் கத்துவார் என்றுதான் எதிர்பார்த்தேன். பதிலுக்குக் கத்தத் தயாராகவும் இருந்தேன். அவர் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். டெஸ்மின், மயோஜெனின் என்று இரண்டு பெயர்களைப் படித்துக் காட்டினார். இரண்டும் தசைக்கே உரிய புரதங்களாம். துணுக்கின் மேல் அதற்கென்று ஒரு சாயம் போட்டால், அந்தப் புரதம் இருக்கிற இடம் மட்டும் பழுப்பாக மாறும். தம்பியின் துணுக்கு பழுப்பாகியிருக்கிறது. அதனால்தான் தசை என்கிறார்கள். எலும்பில் தசைக் கேன்சர் வருவது அபூர்வம், ஆனால் வரவே வராது என்று இல்லை.

சொல்லிவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். "அபூர்வமா இருக்கறப்போ இன்னொருத்தர் பாக்கறதுல தப்பில்லம்மா. நானே அனுப்பலாம்னுதான் இருந்தேன். ஆனா சீக்கிரம் வரணும். கீமோவை ரொம்பத் தள்ள முடியாது" என்றார்.

இப்படித் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய் சொல்வதற்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அப்படி ஒரு பெண் டாக்டர், மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் ஒரு லேபில் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார்.

படி இறங்கும்போது தம்பி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா, காலை எடுக்கறதா இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். எனக்குச் சாவு வந்தா முழுசா வரட்டும்."

"நீ போடாதே. உன் கையப் புடிச்சி நான் போடறேன்" என்றேன். அவன் சிரித்தான். அவன் பொண்டாட்டி சிரிக்கவில்லை.

அவர்கள் இருவரையும் பஸ்ஸில் நெம்மேலியில் குழந்தைகளை விட்டு வந்திருந்த என் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் அங்கேயே நின்றேன். நம் பக்கத்தில் இந்தத் துணுக்குகளை ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக ஆள் அனுப்புவதெல்லாம் கிடையாது. நோயாளியின் சொந்தக்காரர்தான் கூரியர். ஜன்னலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவரைக் கொடுத்தார்கள். உள்ளே சில கண்ணாடித் துண்டுகள். அதோடு தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் மெழுகு, மெழுகுக்குள் வெண்டைக்காய் நார் மாதிரி ஏதோ ஒன்று. அந்த நார்தான் என் தம்பியின் தொடை.

"வெயில்ல வெக்காதீங்க, மெழுகு" என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர். வெயிலில் நின்ற ஸ்கூட்டியின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. அங்கே வைத்தால் தொடை உருகிவிடும். என் சாப்பாட்டு டப்பாவைக் குழாயில் கழுவித் துடைத்தேன். கவரை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி அதற்குள் வைத்து மூடினேன். டப்பாவின் மேல் ஈரத் துண்டைச் சுற்றிக் காலடியில் நிழலாக வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். எத்தனையோ முறை போன ரோடுதான். அன்று ஒவ்வொரு வேகத்தடையிலும், நிறைமாதக் கர்ப்பிணியைப் பின்னால் ஏற்றிப் போகிறவள் மாதிரி ஓட்டினேன். இடையிடையே நிறுத்தித் துண்டை நனைத்தேன். பயம் இருந்தது. ஆனால் அதைவிட, நான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்ற துடிப்பு அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

லேபில் இருந்த அம்மா குள்ளமாக, கண்ணாடியைத் தலைமேல் தூக்கி விட்டுக்கொண்டு இருந்தார். டப்பாவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா, சாம்பார் வாசனை வருது?"

"கழுவிட்டேன் மேடம்."

"கழுவினதுக்கு அப்புறமும் இவ்ளோ மணம்னா நல்லாத்தான் சமைப்பீங்க போல."

மெழுகு உருகவில்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் சில கேள்விகள் கேட்டார். தொடையில் அடி பட்டதா, யாராவது நீவினார்களா, கட்டுக் கட்டினார்களா என்று. இல்லை என்று அடித்துச் சொன்னேன். ஏனென்றால் இதே கேள்வியைச் செங்கல்பட்டு டாக்டர் கேட்டபோது தம்பியும் அவன் பொண்டாட்டியும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். கேஸ் தாளிலும் அப்படியே எழுதியிருந்தது. அந்த அம்மா தலையாட்டிவிட்டு, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார்.

அந்த நாட்களில் மெஸ்ஸில் கரண்டியை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். வீட்டுக்குப் போனால் தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். குழந்தைகள் அவன் காலைத் தாண்டி விளையாடக்கூடாது என்று அவன் பொண்டாட்டி அவர்களை வாசலிலேயே வைத்திருந்தாள். லோடு ஏற்றும் கூட்டாளிகள் போன் செய்தால் அவன் எடுப்பதில்லை. "இன்னா சொல்றது அவனுங்களாண்ட? காலு போவுதுன்னா?" என்பான்.

ஒரு நாள் மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரு வேகம் இருந்தது.

"ஒண்ணு கேக்கணும். அந்தத் தொடைய யாரோ பலமா அழுத்தி நீவியிருக்காங்கன்னு எனக்குத் தோணுது. வீட்ல நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க."

தீப்பெட்டி அளவுகூட இல்லாத மெழுகைப் பார்த்துவிட்டு, எங்கேயோ இருக்கிற ஒருவர் இதை எப்படிச் சொல்ல முடியும்? கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கட்டி சதைக்குள் வந்திருப்பதால் ஊசியில் கட்டியும் வந்திருக்கிறது, பக்கத்துத் தசையும் வந்திருக்கிறது. அந்தத் தசை நார்கள் கிழிந்து, மறுபடியும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அடிபட்ட தசை திரும்ப வளரும்போது குட்டிக் குட்டிச் செல்லாகத்தான் தொடங்கும். பார்ப்பதற்குக் கேன்சர் செல் மாதிரியே இருக்கும். தசைச் சாயத்தையும் நன்றாக வாங்கிக்கொள்ளும். கட்டி அரித்தாலும் தசை இப்படி ஆகும். ஆனால் இது அளவுக்கு மீறி இருக்கிறது.

"பழுப்பாத் தெரியறது கட்டியா, பக்கத்துத் தசையாங்கறதுதான் இப்போ கேள்வி. நீவினாங்கன்னு தெரிஞ்சா நான் பாக்கற விதமே மாறும். அதனால எனக்கு உண்மை வேணும்மா."

சோற்றைப் பக்கத்தில் இருந்தவளிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வீட்டு வாசலில் நிறுத்தும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன்.

"எவனாண்டடா போய் நீவிக்கினு வந்தே?"

"எவனாண்டயும் போவலக்கா."

"நீ சொல்லுடி."

"சத்தியமா போவல அண்ணி. கொழந்தைங்க மேல..."

"கொழந்தைங்க மேல சத்தியம் பண்ணே, இந்த ஊறுகா பாட்டிலத் தூக்கி மண்டையில போடுவேன்."

நான் குரலை உயர்த்த உயர்த்த அவர்கள் இன்னும் உறுதியாக இல்லை என்றார்கள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னா பார்வ? உள்ள போ" என்று அவளையும் ஒரு சத்தம் போட்டேன். தம்பி எழுந்து உட்கார்ந்துகொண்டு, "மெழுகப் பாத்து சொல்றதுக்கு அந்த மேடம் இன்னா ஜோசியமா பாக்குது?" என்றான். அவன் சொன்ன தோரணையில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த அம்மாதான் தவறாக நினைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதைச் சொல்லத்தான் திரும்பப் போன் போட்டேன்.

அவர் முழுதும் கேட்டுவிட்டு, "போனைத் தம்பிகிட்டக் குடுங்க. நீங்க கொஞ்ச நேரம் எதுவும் பேசாதீங்க" என்றார். ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேல் வைத்தேன்.

"தம்பி, சாப்டீங்களா?"

"சாப்ட்டேன் மேடம்."

"லோடு தூக்கறவங்களுக்குத் தொடை புடிச்சுக்கறது சகஜந்தானே?"

"ஆமா மேடம். எல்லாருக்கும் வரும்."

"வந்தா எண்ணெய் போடுவீங்க, இல்ல?"

தம்பி தொடையைத் தடவினான்.

"நான் திட்டறதுக்குக் கேக்கல. உங்க தசைக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும், அவ்ளோதான். தொடையில உள்பக்கம் அழுத்தினாங்களா, வெளிப்பக்கமா?"

அவன் என்னைப் பார்த்தான். பொண்டாட்டியைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்து, "உள்பக்கம் மேடம். முட்டிய வெச்சி ஏறி அழுத்துவாரு" என்றான்.

முட்டியாலா என்று கத்த நான் வாயைத் திறந்தேன். அவன் பொண்டாட்டி பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என் மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. பொங்கலுக்கு முன்பே வலி ஆரம்பித்துவிட்டது. சுளுக்கு என்று நினைத்தான். செய்யூர் பக்கத்தில் சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் போனான். வலி குறையாவிட்டால் மறுபடி, அதற்கும் குறையாவிட்டால் இன்னும் பலமாக என்று மாதக்கணக்கில் நீவிக்கொண்டிருக்கிறான். ஊசியால் துணுக்கு எடுப்பதற்கு முந்தின நாள்கூடப் போய் நீவிக்கொண்டு, பச்சிலைக் கட்டும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

அவன் பொண்டாட்டி போன் பக்கம் குனிந்தாள். "செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்போ நான்தான் மேடம் பாத்திரம் கழுவற சோப்பப் போட்டு அந்த எலக் கறையத் தேச்சி எடுத்தேன். மொதல்ல வேற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க ஒரு டாக்டரு கட்டப் பாத்துட்டு, கட்டினவங்கிட்டயே போ, இங்க ஏன் வந்தேன்னு தொரத்திட்டாரு. அதான் செங்கல்பட்டுலயும் தொரத்திடுவாங்கன்னு..."

"புரியுதும்மா. ரொம்ப நன்றி. இது போதும்" என்றார் அந்த அம்மா.

நன்றி. அவ்வளவு பெரிய பொய் சொன்னவர்களுக்கு அவர் சொன்னது அதுதான். எனக்கு அப்போது அது பிடிக்கவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் கூப்பிட்டார். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால், "மஜ்ஜைக் கேள்வி கேட்டது நீங்கதானாமே, சர்ஜன் சொன்னார். வந்து பாருங்க" என்றார். போனேன். மைக்ராஸ்கோப்பில் தெரிவது பக்கத்தில் ஒரு டிவியிலும் தெரிந்தது.

முதலில் தசைச் சாயம் போட்டது. திரை முழுவதும் கடுகைக் கொட்டிய மாதிரி உருண்டை உருண்டையாக நீலச் செல்கள். அதற்கு நடுவே பழுப்பாகச் சில கீற்றுகள், சில புள்ளிகள். கடுகில் புளி நார் விழுந்து கிடக்கிற மாதிரி இருந்தது. அவர் பெரிதாக்கிக் காட்டினார். பழுப்பு எல்லாம் நார்களிலும் நாரை ஒட்டியும்தான் இருந்தது. கடுகில் ஒன்றுகூடப் பழுப்பாகவில்லை.

"இப்போ இதைப் பாருங்க" என்று வேறு கண்ணாடியை வைத்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கடுகு முழுவதும் பழுப்பு. திரை கொள்ளாத பழுப்பு. நார்கள் மட்டும் வெளுத்துக் கிடந்தன.

"மேடம், அப்படியே தலகீழா கீது."

"அதேதான்." அவர் முகத்திலும் சிரிப்பு. "இது ரத்தத்துல இருக்கிற ஒரு வகை வெள்ளை அணுவுக்கான சாயம். உங்க தம்பிக்கு இருக்கறது தசைக் கேன்சர் இல்ல. எலும்புல வர்ற லிம்ஃபோமா. தசை பாவம், நடுவுல மாட்டிக்கிச்சு."

லிம்ஃபோமா என்றால் என்ன என்று எனக்கு அன்று தெரியாது. நான் கேட்டது ஒன்றுதான். "காலு?"

"இதுவும் கேன்சர்தாம்மா, லேசா எடுத்துக்காதீங்க. ஆனா மருந்து வேற. நல்லாக் கேக்கற நோய். கீமோ, தேவைப்பட்டா கதிர்வீச்சு, அதான் கரன்ட் வெப்பாங்க. சர்ஜன்தான் முடிவு சொல்லணும். ஆனா இந்த நோய்க்குன்னு காலை எடுக்கறது கிடையாது."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் வழக்கம்போலக் கோபம் வந்தது. தப்பாக ரிப்போர்ட் கொடுத்த அந்த முதல் லேபுக்குப் போய்க் கிழித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"என்னன்னு கிழிப்பீங்க? நீவலைன்னு எழுதித்தானே துணுக்கை அனுப்பியிருக்கு? கட்டிக்குள்ள சிக்கின தசை யாரையும் ஏமாத்தும். மொதல் பார்வையில நானும் தசைன்னுதான் நெனச்சேன்." பிறகு கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, "உங்க மஜ்ஜைக் கேள்வியும் தப்புதான். எலும்புலயும் தசைக் கேன்சர் வரும். ஆனா கேட்டது நல்லதாப் போச்சு" என்றார்.

வெளியே வந்து வீடு வரை பொறுக்க முடியவில்லை. கடற்கரைச் சாலை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டேன். லாரிகள் போகிற சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

"டேய், காலை எடுக்கத் தேவையில்லைடா."

"அக்கா, இன்னொரு தபா சொல்லு" என்றான். சொன்னேன். "கொழந்தைங்க கேக்கட்டும், இன்னொரு தபா" என்றான். அதையும் சொன்னேன்.

செங்கல்பட்டு டாக்டர் புது ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். ஆபரேஷன் பேச்சை அன்றே நிறுத்திவிட்டு, ரத்தக் கேன்சர் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார். நீவிய கதையைக் கேட்டதும் தம்பியின் எக்ஸ்ரேயைத் திரும்பத் தூக்கிப் பார்த்தார். "இந்த எலும்பு மேல ஒரு ஆள் முட்டிய வெச்சு ஏறியும் உடையலைன்னா, உனக்கு யாரோ துணை இருக்காங்கப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஊன்றுகோல் வாங்கச் சொன்னார்.

என் கோபத்துக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யூருக்குக் கிளம்பிப் போய், அந்தச் சுளுக்கு எடுக்கிறவரைக் கண்டுபிடித்தேன். அவர் என்னைவிடக் கோபக்காரர். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் ஆரம்பித்தார். "நாலு தபா நீவியும் கேக்கலன்னா இது சுளுக்கு இல்ல, போய் எக்ஸ்ரே போட்டோ எடுன்னு சொன்னவன் நானு. உன் தம்பிதான், நைனா நீ அழுத்தி விடு, லோடுக்குப் போவணும்னு வந்துகினே இருந்தான். போய் அவனக் கேளு, போ." வந்து தம்பியைக் கேட்டேன். இந்தத் தடவை கத்தாமல் கேட்டேன். ஆமாம் என்றான்.

அந்த மனுஷனும் முட்டியால் ஏறியிருக்கக் கூடாது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் ஆஸ்பத்திரியில் துரத்திவிட்ட அந்த டாக்டர் மேல் எனக்கு இன்னும் அதிகக் கோபம் இருக்கிறது. அவர் ஒரு நிமிடம் கத்தியதற்குப் பயந்து, ஒரு பெண் தன் புருஷன் தொடையைப் பாத்திரம் மாதிரி தேய்த்துக் கழுவினாள். கறை போனதோடு உண்மையும் போனது. மெழுகுக்குள் இருந்த அந்த நாரை யாரும் கழுவ முடியவில்லை என்பதால்தான் தம்பி தப்பித்தான்.

கீமோ சும்மா இல்லை. ஆடி, ஆவணி எல்லாம் அதிலேயே போனது. முடி கொட்டியது. வாயெல்லாம் புண்ணாகி, நான் வைத்த குழம்பைக்கூட அவனால் வாயில் வைக்க முடியவில்லை. பிறகு கரன்ட் வைத்தார்கள். அவன் தாங்கினான். இப்போது தோப்புக்காரர் அவனை எடை மேடையில் சீட்டுப் போட வைத்திருக்கிறார். இரண்டு காலில் நின்றுதான் போடுகிறான். போன முறை எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. இன்னும் சில வருடங்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். பார்ப்போம்.

நான் மாறிவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் காலையில் பால்காரரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் கத்துகிறவர்களிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை என்பதையும், அப்படிச் சொல்லாமல் விட்ட ஒரு உண்மை ஒரு ஆளின் காலையே கேட்டுவிடும் என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டேன். அதனால் எங்கள் வீட்டில் யாருக்காவது எங்கேயாவது வலி என்றால், இப்போது முதலில் என் வாயைத்தான் மூடிக்கொள்கிறேன்.